திரைக்கு முதுகு காட்டி நின்றவர்

மதுரையில் தியேட்டருக்குள் அதிக நேரம் இருந்த மனிதர் யார் என்று போட்டி வைத்தால் அவருக்குத்தான் முதல் பரிசு. தியேட்டருக்குள் இருந்துகொண்டே குறைவாகப் படம் பார்த்தவர் யார் என்று வைத்தாலும் அவருக்குத்தான். இருபத்தைந்து வருஷம், நாளைக்கு மூன்று காட்சி நான்கு காட்சி என்று இருட்டுக்குள் நின்றவர், ஒரு கதாநாயகனைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒருமுறை விளம்பரத்துக்காக எங்கள் தியேட்டருக்கு வந்த பெரிய நடிகர் ஒருவரை, "டிக்கெட்ட எடுத்துக் காட்டிட்டு உள்ள போ தம்பி" என்று வாசலில் மறித்தவர் அவர். நடிகர் சிரித்தார். கூட வந்தவர்கள் சிரிக்கவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'தலைக்கணக்கு'.

நான் அப்போது காளவாசல் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அப்போது என்றதும் ஏதோ கறுப்பு வெள்ளைக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால்தான். செல்போனில் டிக்கெட் வாங்கி, செல்போனில் படத்தைத் திட்டி, செல்போனிலேயே கிளைமாக்ஸைப் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் இதே காலம்தான்.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். படத்தை வாங்கி வெளியிடும் கம்பெனி, ஒவ்வொரு தியேட்டருக்கும் தன் ஆள் ஒருவரை அனுப்பும். நூறு பேரை உள்ளே விட்டுவிட்டு எண்பது என்று தியேட்டர்காரர்கள் சொல்லிவிடக்கூடாது அல்லவா, அதைக் கண்காணிக்க. ரெப் என்பார்கள். மற்ற ரெப்கள் எல்லாம் எங்கள் மேனேஜர் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். தலைக்கணக்கு டீயும் குடிக்கமாட்டார், கம்ப்யூட்டரையும் நம்பமாட்டார். படம் ஆரம்பித்து இருபது நிமிஷம் கழித்து, தாமதமாக வருகிறவர்களும் உட்கார்ந்த பிறகு, நேராகத் திரைக்குக் கீழே போய் நிற்பார். திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்துத் திரும்புவார். திரையின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழும். ஆள்காட்டி விரலை நீட்டி, வரிசை வரிசையாக எண்ண ஆரம்பிப்பார்.

"யோவ், மறைக்காதய்யா" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

"மறைச்சா என்ன இப்ப? அங்க ஒண்ணும் பெருசா நடக்கல. தலைய ஆட்டாம உக்காரு, தப்பிப் போகுது."

யார் படம் என்பதெல்லாம் கணக்கில்லை. கதாநாயகன் அறிமுகமாகும் காட்சியிலும் இதே பதில்தான்.

கம்பெனிக்கு வேண்டியது ஒரே ஓர் எண். இவர் அனுப்பும் அறிக்கையிலோ நாலு பத்தி இருக்கும். முழுத் தலை, தூங்குற தலை, போன் தலை, ஜோடித் தலை. முழுத் தலை என்றால் படம் பார்க்கிறவர். தூங்குகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போன் தலை என்றால் படம் ஓடும்போது போனை எடுத்துப் பார்க்கிறவர். ஜோடித் தலை பற்றி அவருக்கும் கம்பெனி மேனேஜருக்கும் போனில் நடந்த சண்டையை என் காதால் கேட்டிருக்கிறேன்.

"சார், அதுக படம் பாக்க வரல. ஏசிக்கு வந்துருக்குக. அந்தப் பன்னெண்டு தலையையும் நம்பி ரெண்டாம் பாகம் எடுத்துறாதீக."

போன் தலையில்தான் அவருக்கு ஞானம். இடைவேளைக்கு முன்னால் நாற்பது முகத்தில் போன் வெளிச்சம் எரிந்தால், "திங்கக்கெழம போஸ்டரக் கிழிச்சிரலாம்" என்பார். நான் கவுண்டரில் இருந்த ஆறு வருஷத்தில் அது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. படத்தைப் பார்க்காமலே படத்தின் தலைவிதியைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இப்போது படத்தைப் பார்க்காமலே விமர்சனம் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் வேறு ஜாதி.

கோபம் அவருக்கு மூக்கின்மேல் இல்லை, மூக்காகவே இருந்தது. எதற்கெல்லாம் கோபம் என்று ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. ஒருநாள் இடைவேளையில் கேன்டீன்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். விலக்கப் போன எனக்கும் ஒரு தள்ளு விழுந்தது.

"ஒரு டப்பா பாப்கார்ன என்ன வெலைக்குய்யா விக்கிற? நாலு பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தவன் ஒரே டப்பாதான் வாங்கிருக்கான். அது ஒவ்வொரு பிள்ளையாக் கைமாறிப் போகுது. கடைசிப் பிள்ளைக்கு வெறும் டப்பா போகுது. நான் அது மொகத்தப் பாத்தேன்யா, நீ பாத்தியா?"

கேன்டீன்காரர் என்ன செய்வார், அவர் குத்தகைக்கு எடுத்தவர். அன்றைய அறிக்கையில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்ந்தது. 'பாப்கார்ன் கிடைக்காத தலை: ஒன்று.'

அவரை நினைத்துச் சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடைசிப் பிள்ளையை நினைத்தால் எனக்கும் இப்போது கோபம்தான் வருகிறது. ஊர் பூராவும் கூட்டம் குறைந்துவிட்டது, ஜனங்கள் வீட்டிலேயே படம் பார்க்கிறார்கள் என்று மேடை போட்டு அழுகிறார்களே, அந்த டப்பாவைப் பற்றி ஒருவராவது வாயைத் திறக்கிறார்களா?

ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம் வந்தது. முதல் நாள் காலை ஒன்பது மணிக் காட்சி. போனில் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டும் விற்றுப்போயிருந்தன. வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு. ரசிகர்கள் பால்குடத்தோடு கட்அவுட் மேலே நிற்கிறார்கள். மேளம் வேறு. தலைக்கணக்கு உள்ளே போனார், எண்ணினார், வெளியே வந்தார், போர்டைக் கழற்றித் தரையில் வைத்தார்.

மேளம் நின்றது. ரசிகர் மன்றத் தலைவர் இறங்கி வந்தார்.

"யோவ், யாருய்யா நீ? போர்டுல கைய வைக்கிற?"

"உள்ள நூத்தி நாப்பத்தாறு தலை இருக்கு. போர்டு எதுக்கு?"

"எல்லா டிக்கெட்டும் வித்துருச்சுய்யா."

"டிக்கெட்டு வித்துருச்சு. எவனோ மெட்ராஸ்ல உக்காந்து மொத்தமா வாங்கிட்டான். ஆளு வரலையே. நீ வா, வந்து எண்ணு."

தலைவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் திரைக்குக் கீழே நிறுத்திவிட்டார். அந்த மனிதர் தன் தலைவனின் படத்தை முதல் நாள் முதல் காட்சியில் முதுகால் பார்த்தபடி வரிசை வரிசையாக எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று வந்தது. மூன்று குறைகிறது என்று அவர் துள்ள, தலைக்கணக்கு அவரைக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கே நின்ற மூன்று பேரையும் காட்டினார். வெளியே வந்த தலைவர் பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒங்க கம்பெனிக்கு முழுக் காசும் வந்துருச்சு. ஒனக்கு என்னய்யா நோவுது?"

"காசு வந்துருச்சுன்னு எழுதுங்க. படம் ஓடுச்சுன்னு எழுதாதீங்க."

திருநகரிலிருந்து ஒரு பையன். சொந்தமாக யூடியூப் சேனல். மதுரை ஏரியா வசூல் என்று தினமும் ஒரு தொகையைச் சொல்லுவான், ஒரு ரூபாய்கூடச் சந்தேகம் இல்லாத குரலில். ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வாசலில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். தலைக்கணக்கு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்பா, இன்னும் இன்டர்வெல்லே விடல. இன்னைக்குக் கலெக்‌ஷன் ஒனக்கு எங்கருந்து வந்துச்சு?"

"நம்மளுக்கு நம்பகமான சோர்ஸ் இருக்கு சார்."

"மதுரையில இந்தப் படம் இங்க மட்டுந்தான் ஓடுது, ரெப்பு நான் ஒருத்தன்தான். அப்ப நான்தான அந்த சோர்ஸு? நான் எப்படா ஒனக்குச் சொன்னேன்?"

அந்த வீடியோவைப் பையன் போடவில்லை. போட்டிருந்தால் அவன் சேனலில் அது ஒன்றுதான் உண்மையான செய்தியாக இருந்திருக்கும்.

இதுவரைக்கும் நானும் கைதட்டிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வீட்டில் இடி விழுந்தால் வேடிக்கைதானே. எங்கள் வீட்டிலும் விழுந்தது.

என் மச்சினன் பாண்டி, மனைவியின் தம்பி, வாடிப்பட்டிக்காரன். தென்னந்தோப்பில் தன் பங்கு இரண்டு ஏக்கரை விற்று ஒரு படத்தில் போட்டுவிட்டான். கூடப் படித்த நண்பன் டைரக்டர். ஒரு மினிபஸ் கண்டக்டரின் கதை. சண்டை இல்லை, குத்துப்பாட்டு இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதை வெளியிட ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, எங்கள் தியேட்டரில் மாலைக் காட்சி ஒன்று மட்டும் வாங்கினோம். அந்தக் கம்பெனிக்குத் தனி ஆள் கிடையாது, அதனால் அதற்கும் ரெப் தலைக்கணக்குதான்.

வெள்ளிக்கிழமை வெளியானது. எங்கள் முதலாளி சொல்லிவிட்டார், ஞாயிறு மாலைக் காட்சியைப் பார்ப்பேன், கூட்டம் இல்லையென்றால் திங்கள்கிழமை தூக்கிவிட்டு வேறு படம் போடுவேன் என்று. படம் இரண்டு வாரமாவது நின்றால் டிவிக்காரர்களோ ஓடிடிக்காரர்களோ எதையாவது கொடுத்து வாங்குவார்கள். மூன்றாம் நாளே தூக்கிவிட்டால் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். தோப்பை விற்றது போதாமல் பாண்டி வெளியேயும் கடன் வாங்கியிருந்தான். சனிக்கிழமை ராத்திரி அவன் சாப்பிடவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நானும் சாப்பிடவில்லை.

யோசனை என்னுடையதுதான். இன்றுவரை வீட்டில் ஒப்புக்கொண்டதில்லை.

"மாப்ள, நம்ம சனம் எம்புட்டு இருக்கு? ஒரு காதுகுத்துக்கு வார கூட்டம் வந்தாலே தியேட்டரு ரொம்பிருமே."

"டிக்கெட்டு மச்சான்?"

"நீயே எடுத்துரு. ஒரு நாளுதான்."

ஞாயிறு மாலை வாடிப்பட்டியிலிருந்து ஆறு பஸ் வந்தது. காதுகுத்து என்று உவமைக்குத்தான் சொன்னேன், சொந்தங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, தங்கச் சங்கிலி. ஒரு பெரியப்பா என் கவுண்டர் துவாரத்துக்குள் மொய்க் கவரை நுழைத்து, "பேர எழுதிக்கப்பா, போன தடவ ஒங்க வீட்டுல விட்டுட்டாய்ங்க" என்றார். உள்ளே நாற்காலிகளில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பெண் பார்த்தார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள். பங்காளிகள் இரண்டு பேர் வரப்புத் தகராறை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் திரைக்குக் கீழே ஓடிப் பிடித்து விளையாடின. மூன்று வருஷம் உழைத்து எடுத்த படம் மேலே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தூசி தட்டி, ஹவுஸ்ஃபுல் போர்டை என் கையாலேயே வாசலில் மாட்டினேன்.

இடைவேளைக்கு முதலாளி வந்தார். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். முந்நூற்றுத் தொண்ணூறு. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வேர்த்து விறுவிறுக்க வெளியே வந்த தலைக்கணக்கைத்தான் பார்த்தார்.

"எம்புட்டுய்யா?"

"முப்பத்தொண்ணு."

பாண்டி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். பை டர்ரென்று கிழிந்து தொங்கியது.

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சீட்டு பூரா ஆளு உக்காந்துருக்கு. முப்பத்தொண்ணுங்கிற."

"உக்காந்துருக்கு. முந்நூத்தி அம்பத்தொம்போது சொந்தக்காரத் தலை. அதுல பத்துப் பேரு தூங்குறாய்ங்க. ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, பந்தி எப்பப்பா போடுவீகன்னு கேக்குது. ஒருத்தன் படம் பாக்கல."

நானும் கவுண்டரை விட்டு வெளியே வந்துவிட்டேன். அப்போது நான் அவரைச் சொன்ன வார்த்தையைப் பத்திரிகையில் எழுத முடியாது. அவர் குடும்பத்தில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. ஆறு வருஷம் கூடவே இருந்தவன் என்று ஒரு நன்றி வேண்டாமா, ஒரு நாள், ஒரே ஒரு எண், வாயைத் திறந்து முந்நூறு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா என்று கத்தினேன்.

"திட்டி முடிச்சாச்சா? சட்டைய விடச் சொல்லு. நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, இந்த முப்பத்தொண்ணக் கேளுங்க. வெள்ளிக்கெழம எட்டு. நேத்துப் பதினேழு. இன்னைக்கு முப்பத்தொண்ணு. இம்புட்டு எரைச்சலுக்கு நடுவுல அதுல ஒருத்தன் போன எடுக்கல. எஃப் வரிசையில ஒரு டீச்சரம்மா இருக்கு. மொத நாளு தனியா வந்துச்சு. நேத்துப் புருசனக் கூட்டிட்டு வந்துச்சு. இன்னைக்குப் பக்கத்து வீட்டு ஆளுக அஞ்சு பேரக் கூட்டிட்டு வந்துருக்கு. இவுக சொந்தக்காரப் பயலுக அந்தம்மாவப் படம் பாக்க விடல. நான்தான் ரெண்டு பேர அதட்டி உக்கார வச்சேன்."

முதலாளி கதவைத் திறந்து உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீ காட்டுன முந்நூத்தித் தொண்ணூறுக்கு நாளைக்கே தூக்கிருப்பேன்யா. பஸ்ல வந்தவன் எவன் நாளைக்குத் திரும்ப வருவான்? இந்தாளு முப்பத்தொண்ணுன்னு சொல்றான். சரி, ஓடட்டும். மொதல்ல போய் அந்த போர்டக் கழட்டு."

பாண்டியின் கை அப்போதும் அந்தச் சட்டையில்தான் இருந்தது. எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, "ரெண்டாவது பாதிக்கு எண்ணணும், வழிய விடு" என்று உள்ளே போனார்.

படம் மூன்று வாரம் ஓடியது. பிய்த்துக்கொண்டு ஓடியது என்றெல்லாம் சொல்லமாட்டேன், சொன்னால் அவர் எங்கிருந்தாலும் வந்து என் சட்டையைப் பிடிப்பார். சில நாள் நூற்றைத் தாண்டியது, சில நாள் முப்பதுக்கு இறங்கியது. ஆனால் நின்றது. அந்த நின்றதைக் காட்டித்தான் ஓடிடிக்காரர்களிடம் பேச முடிந்தது. தோப்பு திரும்பி வரவில்லை, கடன் அடைந்தது. பாண்டி ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறான். அதற்குள் வேறு படங்கள் மூன்றாம் நாள் வெற்றி விழா, நாலாம் நாள் கேக் வெட்டு என்று வந்து, போஸ்டரில் பசை காய்வதற்குள் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒரு படத்தின் 'மாபெரும் வெற்றி' போஸ்டருக்குக் குறுக்கே தலைக்கணக்கு மார்க்கர் பேனாவால் அன்றைய உண்மையான எண்ணை எழுதி வைத்துவிட்டார். பத்தொன்பது. அதற்காகத்தான் அவரை மதுரையை விட்டே மாற்றினார்கள். பொய் எழுதியவர்கள் யாரையும் எங்கேயும் மாற்றவில்லை.

அந்த மாற்றலுக்கு முன்னால், எங்கள் படத்தின் கடைசிக் காட்சி அன்று பாண்டி வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தான். தலைக்கணக்கிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன், வாசலிலேயே நின்றான். அவர் நேராக வந்து அவன் கையில் ஒரு தாளைத் திணித்தார். இருபத்தொரு நாள் கணக்கையும் தன் கையால் எழுதிக் கூட்டியிருந்தார்.

"மொத்தம் ஆயிரத்தி எரநூத்தி ஆறு. அன்னைக்கு பஸ்ல வந்தத நான் சேக்கல. இம்புட்டுப் பேரு ஒம் படத்த நெசமாப் பாத்துருக்காய்ங்க. இதுல ஒருத்தன்கூட ஒனக்குச் சொந்தக்காரன் இல்ல, பாத்துக்க."

பாண்டி அந்த இடத்திலேயே அழுதுவிட்டான். நிலத்தை விற்ற அன்றுகூட அவன் அழவில்லை.

"அழுகுறதெல்லாம் வெளிய போய் வச்சிக்க. அடுத்த ஷோவுக்கு ஆளுக வந்துக்கிட்டிருக்கு" என்று அதற்கும் ஒரு எரிச்சல் பட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தத் தாள் வாடிப்பட்டி வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவர் இப்போது திருநெல்வேலிப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பை கிழிந்த சட்டைக்குப் பதிலாக நான் ஒரு சட்டை எடுத்து வைத்திருந்தேன். அது பீரோவிலேயே மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அளவு குத்துமதிப்பாக எடுத்தது, பார்த்ததும் நிச்சயம் சண்டைக்கு வருவார். வரட்டும், அண்ணனுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்புவேன்.